நிழலை அளந்த மெஷின்: டெக்ஸா ஸ்கேனும் டர்னர் பெண்களும்

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு நம்பரைப் பத்தினது. அந்த நம்பரை நம்பி, நல்லா இருக்கிற எலும்புக்குக்கூட நோய்னு பேர் வைக்க முடியும். எப்படின்னு பார்க்கலாம்.

1938. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஹென்றி டர்னர் என்ற டாக்டர், 15 முதல் 23 வயதுக்குள் இருந்த ஏழு பெண்களைப் பற்றி எழுதினார். எல்லாருமே குள்ளம், பருவமடையவில்லை. இதே மாதிரி ஒரு சிறுமியைப் பற்றி 1930-லேயே ஜெர்மனியில் ஓட்டோ உல்ரிச் எழுதியிருந்தார். காரணம் தெரிய 1959 வரை ஆச்சு. இங்கிலாந்தில் சார்லஸ் ஃபோர்டு குழு, 14 வயசுப் பொண்ணு ஒருத்தியோட செல்களில் ஒரு எக்ஸ் க்ரோமோசோம் குறைவதைக் கண்டுபிடித்தது. அதுதான் டர்னர் சிண்ட்ரோம்.

இதுக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்? ஈஸ்ட்ரோஜன். இவர்களில் பெரும்பாலோருக்கு சினைப்பை சீக்கிரமே செயலிழந்துவிடும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு வலுவிழக்கும் என்பதை 1940-களிலேயே பாஸ்டனில் ஃபுல்லர் ஆல்பிரைட், மாதவிடாய் நின்ற பெண்களை வைத்துச் சொல்லிவிட்டார். அதனால டர்னர் பெண்களோட எலும்பை அளக்கணும்னு டாக்டர்கள் நினைச்சது நியாயம்தான்.

ஆனா எதை வைத்து அளப்பது? சாதாரண எக்ஸ்ரேயில், எலும்பு நிறைய கரைஞ்ச பிறகுதான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். 1963-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜான் கேமரானும் ஜேம்ஸ் சோரன்சனும், எலும்பு வழியா ஃபோட்டான் கற்றையை அனுப்பி, எவ்வளவு தடுக்கப்படுது என்று எண்ணினார்கள். அதிலிருந்து வளர்ந்து 1987-ல் டெக்ஸா மெஷின் சந்தைக்கு வந்தது. இரண்டு ஆற்றல் அளவுகளில் எக்ஸ்ரே அனுப்பும். சதையையும் எலும்பையும் பிரித்துக் கணக்குப் போடும். வேகமானது, கதிர்வீச்சும் ரொம்பக் குறைவு.

இங்கதான் சிக்கல். பேருதான் 'அடர்த்தி'. டெக்ஸா அளப்பது எலும்பின் நிழலை. ஒரு கன சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம்னு அதுக்குத் தெரியாது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம்னுதான் சொல்லும்.

கணக்காவே பார்ப்போம். ஒரே பொருளில் இரண்டு கனசதுரம், இரண்டிலும் ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.3 கிராம். 2 சென்டிமீட்டர் கட்டியின் எடை 2.4 கிராம், நிழல் 4 சதுர சென்டிமீட்டர்: விடை 0.6. 3 சென்டிமீட்டர் கட்டி 8.1 கிராம், நிழல் 9: விடை 0.9. பொருள் ஒண்ணுதான், ஆனா சின்னதுக்கு மார்க் கம்மி! குள்ளமான பொண்ணோட எலும்புக்கும் இதே கதிதான்.

1994-ல் உலக சுகாதார நிறுவனம், டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ் என்று வரையறுத்தது. அது மாதவிடாய் நின்ற பெண்களுக்காக வந்த எல்லை; ஒப்பீடு ஆரோக்கியமான இளம் பெண்ணோடு. இன்னும் வளர்ந்து முடிக்காத 12 வயசுப் பொண்ணை அந்த ஸ்கேலில் வைத்தால் ஃபெயில்தான். அதோட, தேவையில்லாம எலும்பு மருந்து ஆரம்பிச்சா அது சின்ன விஷயமில்லை. பிஸ்பாஸ்போனேட் மாதிரி மருந்துகள் எலும்புக்குள்ளேயே வருஷக்கணக்கில் தங்கிவிடும்.

திருத்தம் மெதுவா வந்தது. 1992-ல் டென்னிஸ் கார்ட்டர் குழு, நிழலின் அளவிலிருந்து கன அளவை மதிப்பிடும் ஒரு கணக்கைத் தந்தது. 2007-ல் எலும்பு அளவீட்டுக்கான சர்வதேச சங்கம் குழந்தைகளுக்குத் தனி விதிகள் போட்டது: டி-ஸ்கோர் வேண்டாம், அதே வயதினரோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோர் போதும், உயரத்தையும் கணக்கில் எடுங்க, எலும்பு முறிவு வரலாறு இல்லாம, வெறும் நம்பரை வைத்து ஆஸ்டியோபோரோசிஸ் என்று எழுதாதீங்க.

அப்போ டர்னர் பெண்களுக்கு எலும்புப் பிரச்சனையே இல்லையா? அப்படியும் இல்லை. உயரத்தைச் சரிசெய்த பிறகு முதுகெலும்பு அளவு பலருக்கு இயல்புக்குப் பக்கத்தில் வரும். ஆனா எலும்பின் கெட்டியான வெளிப்பகுதியில் நிஜமான குறைபாடு இருக்கலாம், ஈஸ்ட்ரோஜன் குறைவும் நிஜம். 2017 சர்வதேச வழிகாட்டுதல், தேவைப்படுவோருக்கு 11-12 வயதில் ஈஸ்ட்ரோஜன் தொடங்கச் சொல்வதற்கு எலும்பும் ஒரு காரணம்.

அதனால, வீட்டில் யாராவது குழந்தைக்கு டெக்ஸா ரிப்போர்ட் வந்தா டாக்டர்கிட்ட இரண்டு கேள்வி கேளுங்க: இது டி-ஸ்கோரா, இசட்-ஸ்கோரா? உயரத்துக்கு ஏத்த மாதிரி சரி பண்ணியிருக்கா?

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.