ஜோனியின் தாய்க்கு எழுதிய கடிதம்

1955 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு நூல், வாசிக்கத் தெரியாத சிறுவன் ஒருவனின் தாய்க்கு எழுதிய கடிதமாகத் தொடங்கிற்று. ‘ஜோனிக்கு ஏன் வாசிக்க முடியவில்லை’ என்பது அதன் பெயர். எழுதியவர் றுடோல்ப் பிளெஷ். 1938 இல் நாஜிகளுக்குத் தப்பி வியன்னாவிலிருந்து அங்கு குடியேறியவர். முப்பது வாரங்களுக்கு மேலாக அந்நூல் விற்பனையில் முன்னணியில் நின்றது. அதன் இறுதியிற் சொற்பட்டியல்கள் உள்ளன. பாடசாலை கற்பிக்காததைத் தாய்மாரே வீட்டிலிருந்து கற்பித்துக்கொள்வதற்காக அவை தரப்பட்டவை. பெற்றோர் இத்தகைய பட்டியல்களைப் பணங்கொடுத்து வாங்கினரெனின், பாடசாலைமீது அவர்கள் கொண்டிருந்த மனக்கசப்பை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

கசப்புக்குக் காரணம் யாது? அக்காலத்து முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக்களின் ஒலி முறையாகக் கற்பிக்கப்படவில்லை. சொல்லை முழு உருவாகப் பார்த்து மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். 1930 இல் தோன்றிய டிக், ஜேன் வாசிப்பு நூல்களில் ஒரே சொல் ஓயாது திரும்பத் திரும்ப வந்தமை இதன் பொருட்டே. அரிவரி வகுப்பில் ஆனா, ஆவன்னா சொல்லித் தொடங்கிய நமக்கு இது விந்தையாகத் தோன்றும். ஆங்கில எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு தமிழிற் போல நேரானதன்று என்பதையும் மறந்துவிடலாகாது.

இம்முறை மூடர் கண்டதன்று. மசசூசெற்ஸ் மாநிலக் கல்விச் சபையின் செயலாளராயிருந்த ஹொறேஸ் மான், பொருளற்ற எழுத்துக்களை உருப்போடச் செய்வதைக் கண்டித்துச் சொல்லிலிருந்து தொடங்குமாறு வற்புறுத்தினார். 1844 இல் பொஸ்ரன் ஆசிரியர் முப்பத்தொருவர் அவரை மறுத்தெழுதினர். பிரம்பு ஆட்சி செய்த காலத்தில் மானின் குரல் மனிதாபிமானக் குரலே. பின்வந்த முற்போக்குக் கல்வியாளரும் அந்த நல்லெண்ணத்தாலேயே அவர்வழி நின்றனர். ஆயினும் அந்நல்லெண்ணத்திற்கு விலை கொடுத்தவர் யார் என்பதை நாம் கேட்டேயாக வேண்டும்.

நூல்கள் நிறைந்த வீட்டுப் பிள்ளைக்குத் தாய் மடியிலேயே எழுத்தின் ஒலி கிடைத்துவிடுகிறது. கிடையாவிடின் காசு கொடுத்துத் தனி ஆசிரியரை அமர்த்தலாம். அப்பிள்ளை வாசிக்கும்போது வெற்றி பாடசாலையின் கணக்கில் எழுதப்படும். தொழிலாளியின் பிள்ளைக்கோ பாடசாலையன்றி வேறு கதியில்லை. அது வாசியாதபோது குற்றம் வீட்டின் தலையிற் சுமத்தப்படும். பொதுக்கல்வி எல்லோர்க்கும் பங்கிடவந்த வாய்ப்பைச் சொல் முறை மீண்டும் வசதிபடைத்தோர் கையில் ஒப்படைக்கின்றது எனப் பிளெஷ் வாதிட்டார். அவர் நடையில் மிகையும் ஏளனமும் உண்டு. எனினும் இது நம்மவர் முன்வைத்திருக்க வேண்டிய வாதம். பழமைவாதிகள் அதைத் தம் கொடியாக உயர்த்திக்கொள்ள விட்டுவிட்டமை முற்போக்காளரின் தவறேயாகும்.

1967 இல் ஜீன் சால் என்னும் அறிஞர் பல ஆய்வுகளை ஒப்புநோக்கி, எழுத்தொலியை முதலிற் கற்பிப்பதே கூடிய பயன் தருவது, வறிய பிள்ளைகளுக்கு அது இன்னும் வேண்டப்படுவது என முடிவு கூறினார். அதே ஆண்டில் கெனத் குட்மன், வாசிப்பை ஒருவகை ஊக விளையாட்டு என்றார். ஆசிரியருலகிற் பலர் பின்னவரின் சொல்லையே விரும்பிக் கேட்டனர். 1987 இல் கலிபோர்ணியா அவ்வழிவந்த ‘முழுமொழி’ நோக்கைப் பாடத்திட்டத்தில் ஏற்றது. 1994 ஆம் ஆண்டுத் தேசிய மதிப்பீட்டில், நான்காம் வகுப்பு வாசிப்பில் அது லூசியானாவுடன் கடைநிலையில் நின்றது. முறையொன்றையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையன்று. 1978 இற் சொத்துவரிக்கு விதிக்கப்பட்ட வரம்பு பாடசாலைகளின் வருவாயை வற்றச்செய்திருந்தது; வகுப்புகள் பிள்ளைகளால் நிரம்பி வழிந்தன. அவ்வரம்பினால் இலாபம் கண்டோர் சொத்துடையோரே.

2000 ஆம் ஆண்டிற் காங்கிரஸின் பணிப்பில் அமைந்த தேசியக் குழு, எழுத்தொலியை முறையாகக் கற்பிப்பதன் பயனை உறுதிசெய்தது. அதன் பின்னரும், படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கச் சொல்லும் பாடநூல்கள் விற்பனையாகிக்கொண்டேயிருந்தன.

2017 இற் கலிபோர்ணியாவிற் பெற்றோர், மாணவர், ஆசிரியர் சிலர் சேர்ந்து மாநில அரசுக்கெதிராகவே வழக்குத் தொடுத்தனர். பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்பிப்பது அரசின் கடமை என்பது அவர்கள் வாதம். 2020 இல் ஏற்பட்ட சமரசத்தின்படி, வாசிப்பில் மிகவும் பின்தங்கிய 75 தொடக்கப் பாடசாலைகளுக்கு 530 இலட்சம் டொலர் ஒதுக்கப்பட்டது. 1987 இல் அங்கு முதலாம் வகுப்பிற் சேர்ந்த பிள்ளைகள் அப்போது நாற்பது வயதை எட்டிக்கொண்டிருந்தனர்.