வாரண்டி லேப்-டாப்பில் ஹார்டு டிஸ்க் போச்சா? புது டிஸ்க் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கான்சாபுரம்,

கான்சாபுரம், கூமாபட்டி, வத்திராயிருப்பு பகுதியில் கல்லூரிக்கு போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் லேப்-டாப் சாதாரணமாகி விட்டது. வாங்கி ஆறு மாதம், எட்டு மாதம் நல்லா ஓடும். திடீரென ஒரு நாள் கருப்பு திரையில் ‘நோ பூட் டிவைஸ்’ என்று வெள்ளை எழுத்து வரும். உடனே பெட்டியை தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ, ராஜபாளையத்துக்கோ பஸ் ஏறி விடுகிறார்கள். கடைக்காரர் திருகாணியை கழற்றிய பிறகுதான் ‘இது வாரண்டியில இருக்கே’ என்ற பேச்சே வருகிறது.

வாரண்டி இருந்தால் டிஸ்க் இலவசம்தானே, இதில் யோசிக்க என்ன இருக்கு என்று கேட்கலாம். இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் டிஸ்க்கைத்தான் மாற்றித் தருவார்கள். அதில் இருந்த படிப்பு, போட்டோ, சான்றிதழ் எதையும் திருப்பி தர மாட்டார்கள். பழைய டிஸ்க்கையும் அவர்களே எடுத்துக் கொள்வார்கள். இது தெரியாமல் கையெழுத்து போட்டுவிட்டு பிறகு அழுதவர்கள் உண்டு.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

முதலில் செய்ய வேண்டியது

லேப்-டாப்பின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரை செல்போனில் படம் பிடித்துக் கொள்ளுங்கள். அந்த கம்பெனியின் இணையதளத்தில் நம்பரை போட்டால் வாரண்டி எந்த தேதி வரை என்று காட்டும். சில நேரம் நீங்கள் வாங்கிய தேதிக்கு பதிலாக கம்பெனியில் இருந்து சரக்கு வெளியே போன தேதியை கணக்கில் வைத்திருப்பார்கள். அப்போது பில்லை அனுப்பினால் திருத்தி விடுவார்கள். பில் இல்லாவிட்டால் சிக்கல்தான்.

போனது டிஸ்க்தானா என்பதையும் பார்க்க வேண்டும். ‘டிக், டிக்’ என்று தாளம் போட்டால் பெரும்பாலும் டிஸ்க்தான். ஹெச்.பி. லேப்-டாப் என்றால் ஆன் செய்தவுடன் எப்-2 பட்டன், டெல் என்றால் எப்-12 அழுத்தி டயக்னாஸ்டிக்ஸ் என்பதை தேர்வு செய்தால் பெட்டி தன்னைத்தானே சோதித்துக் கொள்ளும். டிஸ்க் கெட்டிருந்தால் ஒரு பிழை எண் வரும். டெல்லில் 2000-0142 என்று வந்தால் ஹார்டு டிஸ்க் சோதனையில் தேறவில்லை என்று அர்த்தம். இந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டு போன் செய்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் ‘விண்டோசை திரும்ப போட்டு பாருங்கள்’ என்று சொல்வார்கள். திரும்ப போட்டால் உள்ளே இருப்பது அழிந்து போகும்.

உள்ளே இருப்பது முக்கியமா?

இங்கேதான் முடிவு எடுக்க வேண்டும். டிஸ்க் முழுதாக சாகவில்லை, இழுத்து இழுத்து ஓடுகிறது என்றால் திரும்ப திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறை சுற்றும்போதும் சேதம் கூடும். பென் டிரைவில் இருந்தே ஓடக்கூடிய லினக்ஸ் மூலம் திறந்து முக்கியமானதை மட்டும் முதலில் எடுத்து விடவேண்டும். அரசு இலவச லேப்-டாப்பில் வந்த பாஸ் லினக்ஸ் நம்ம ஊர் மாணவர்களுக்கு தெரிந்ததுதான். சென்னை சி-டாக் உருவாக்கியது அது. ‘பூட்டே ஆகலை’ என்று கைவிட்ட டிஸ்க்கில் இருந்துகூட இப்படி பைல்களை மீட்க வாய்ப்பு உண்டு.

விண்டோஸ் 11 உள்ள புதிய லேப்-டாப்புகளில் இன்னொரு பூட்டு இருக்கிறது. டிஸ்க்கில் உள்ளதை அதுவே ரகசிய குறியீடாக மாற்றி வைத்திருக்கும். டிஸ்க்கை கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் 48 இலக்க சாவி எண் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். லேப்-டாப் நல்லா இருக்கும்போதே அதை ஒரு நோட்டில் எழுதி வைத்து விடுங்கள். கெட்ட பிறகு தேடினால் பாஸ்வேர்டும் மறந்திருக்கும், கணக்கு தொடங்கிய செல்போன் நம்பரும் மாறியிருக்கும்.

இந்த செய்தியை எழுதும் நமக்கும் ஒரு அனுபவம் உண்டு. ஆண்டாள் கோவில் ஆடிப்பூர தேரோட்ட படங்கள் மூன்று வருடத்துக்கானது ஒரே டிஸ்க்கில் இருந்தது. வாரண்டியில் கொடுத்தோம். நான்கு நாளில் புது டிஸ்க் வந்தது, பெட்டி சூப்பராக ஓடியது. தேரைத்தான் காணோம். பழைய டிஸ்க்கை கேட்டால் ‘அது அன்றைக்கே போயிடுச்சு சார்’ என்றார்கள். கையெழுத்து போட்ட தாளில் அது தெளிவாகவே அச்சடித்து இருந்தது. படிக்காதது நம்ம தப்பு.

பழைய டிஸ்க்கை கையில் வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. டெல், ஹெச்.பி., லெனோவா போன்ற கம்பெனிகள் கெட்ட டிஸ்க்கை வாடிக்கையாளரே வைத்துக்கொள்ளும் திட்டத்தை தனி கட்டணத்துக்கு விற்கின்றன. பெரும்பாலும் ஆபீஸ்களுக்கு வாங்கும்போது சேர்ப்பார்கள். அது இல்லாதவர்கள் கணக்கு போட்டு பார்க்க வேண்டும். டிஸ்க்கின் விலையை விட உள்ளே இருப்பது பெரிசு என்றால், வாரண்டியை கேட்காமல் வேறு டிஸ்க்கை சொந்த காசில் வாங்கி போட்டுவிட்டு, பழையதை தகவல் மீட்கும் நிபுணரிடம் கொடுக்கலாம். ஆனால் அவர் டிஸ்க்கை பிரித்து விட்டால் அதற்கு பிறகு வாரண்டி கிடையாது. ஆதார், பேங்க் பாஸ்புக் நகல் எல்லாம் அதில் இருந்தால் அதையும் யோசியுங்கள். செத்த டிஸ்க்கை நாம் அழிக்க முடியாது.

கழற்றினால் வாரண்டி போகுமா?

எல்லா லேப்-டாப்புக்கும் ஒரே பதில் இல்லை. சில மாடல்களில் டிஸ்க்கை வாடிக்கையாளரே மாற்றலாம் என்று கம்பெனி புத்தகத்திலேயே படம் போட்டு விளக்கி இருப்பார்கள். கழற்றும்போது நாம் உடைத்தால் அதற்கு மட்டும் பொறுப்பு ஏற்க மாட்டார்கள். வேறு சில பெட்டிகளில் திருகாணி மேல் ஸ்டிக்கர் ஒட்டி ‘கிழிந்தால் வாரண்டி ரத்து’ என்று போட்டிருக்கும். அமெரிக்காவில் 2018-ல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் இப்படி நிபந்தனை போட்ட 6 கம்பெனிகளுக்கு எச்சரிக்கை கடிதம் அனுப்பியது. நம் நாட்டில் மத்திய நுகர்வோர் விவகாரத்துறை 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தை தொடங்கியது. இருந்தாலும் கையில் உள்ள வாரண்டி தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் சர்வீஸ் சென்டரில் முதலில் பேசும்.

வாரண்டி காலத்திலேயே பெரிய டிஸ்க் போட ஆசைப்படுபவர்கள் கம்பெனி டிஸ்க்கை தூக்கி எறிய வேண்டாம். பத்திரமாக வைத்திருந்து, வேறு ரிப்பேருக்கு லேப்-டாப்பை அனுப்பும்போது அதையே திரும்ப மாட்டி அனுப்ப வேண்டும். நீங்கள் வாங்கி போட்ட டிஸ்க்குக்கு லேப்-டாப் கம்பெனி பொறுப்பு இல்லை. அதற்கு டிஸ்க் கம்பெனியின் வாரண்டி தனி.

இதன் மறுபக்கமும் உண்டு. லேப்-டாப்போடு வந்த டிஸ்க் மேல் சீகேட், தோஷிபா என்று பெயர் இருந்தாலும் அந்த கம்பெனியிடம் போனால் ‘லேப்-டாப் கம்பெனியை கேளுங்கள்’ என்பார்கள். மொத்தமாக விற்ற டிஸ்க்குக்கு அவர்கள் நேரடி வாரண்டி தருவதில்லை. இந்த வகை டிஸ்க்குகள் பழைய பெட்டியில் இருந்து கழற்றப்பட்டு கடைகளில் மலிவாக விற்பனைக்கு வருவதும் உண்டு. வாங்கும் முன் டிஸ்க்கின் சீரியல் நம்பரை டிஸ்க் கம்பெனி இணையதளத்தில் போட்டு பாருங்கள்.

எதை வாங்குவது?

வாரண்டியில் மாற்றினால் தேர்வு உங்கள் கையில் இல்லை. அதே அளவு, அல்லது அதற்கு சமமானது தருவார்கள். புதுப்பிக்கப்பட்ட டிஸ்க்காகவும் இருக்கலாம். சொந்த காசில் வாங்கினால்தான் கீழே உள்ள விவரம் தேவைப்படும்.

லேப்-டாப் ஹார்டு டிஸ்க் 2.5 இஞ்ச். ஆனால் தடிமன் வேறு வேறு. பழையது 9.5 மி.மீ., புதியது 7 மி.மீ. மெலிந்ததை பெரிய இடத்தில் சட்டம் வைத்து பொருத்தலாம், தடித்ததை சின்ன இடத்தில் திணிக்க முடியாது. 4 டி.பி., 5 டி.பி. என்று ஆசை காட்டும் 2.5 இஞ்ச் டிஸ்க்குகள் 15 மி.மீ. தடிமன், சாதாரண லேப்-டாப்பில் நுழையாது.

இப்போது பெரும்பாலான புது பெட்டிகளில் சுழலும் டிஸ்க்கே கிடையாது. சூயிங்கம் பட்டை போன்ற எம்.2 எஸ்.எஸ்.டி.தான். இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் சாட்டா, என்.வி.எம்.இ. என்று இரண்டு ஜாதி. ஒன்றுக்கு மட்டும் உள்ள இடத்தில் மற்றதை போட்டால் வேலை செய்யாது. நீளமும் பார்க்க வேண்டும். 2280 என்றால் 80 மி.மீ., 2242 என்றால் 42 மி.மீ. பழையதை கழற்றி கையோடு கடைக்கு கொண்டுபோவது நல்லது. மலிவு லேப்-டாப் சிலவற்றில் சேமிப்பு சிப் போர்டிலேயே பற்ற வைத்திருக்கும். அதை மாற்றவே முடியாது.

பழைய லேப்-டாப் என்றால் 2.5 இஞ்ச் சாட்டா எஸ்.எஸ்.டி. போட்டாலே புது உயிர் வரும். சுழலும் டிஸ்க் நொடிக்கு 100 எம்.பி. அளவு தருவதை இது 500 எம்.பி.க்கு மேல் தரும். பைக் டேங்க் மேல் ஆன் செய்தபடியே லேப்-டாப்பை வைத்து மேடு பள்ளத்தில் ஓட்டும் தம்பிகளுக்கும் இதுதான் லாயக்கு, உள்ளே சுற்றுவது எதுவும் இல்லை. 2011 செப்டம்பர் 15-ல் அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா இலவச லேப்-டாப் திட்டத்தை தொடங்கியபோது உள்ளே சுழலும் டிஸ்க்தான் இருந்தது. அந்த திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்-டாப்புகள் கொடுக்கப்பட்டன. அவற்றில் இன்றும் ஓடுபவற்றுக்கு வாரண்டி முடிந்து விட்டதால் பயமின்றி மாற்றலாம்.

500 ஜி.பி. என்று வாங்கி 465 என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்கு போக வேண்டாம். கம்பெனி ஆயிரத்தால் கணக்கு போடுகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான்.

வாரண்டி காலம் மாறிக்கொண்டே இருக்கும். 2011 அக்டோபரில் தாய்லாந்து வெள்ளத்தில் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கி உலகம் முழுக்க விலை ஏறியது. அந்த ஆண்டு இறுதியில் சீகேட் தனது லேப்-டாப் டிஸ்க்குகளின் வாரண்டியை 1 ஆண்டாக குறைத்தது. வெஸ்டர்ன் டிஜிட்டலும் சிலவற்றுக்கு 3 ஆண்டை 2 ஆக்கியது. 2025 இறுதியிலும் ஏ.ஐ. டேட்டா சென்டர்களின் தேவையால் எஸ்.எஸ்.டி., ராம் விலை ஏறியது. நல்ல எஸ்.எஸ்.டி.களுக்கு 3 அல்லது 5 ஆண்டு வாரண்டி உண்டு. மொத்தம் எவ்வளவு எழுதலாம் என்ற வரம்பும் சேர்த்து போட்டிருப்பார்கள், எது முதலில் முடிகிறதோ அதோடு சரி.

புதுசு என்று விற்பதும் புதுசா என்று பாருங்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், ஓடி தேய்ந்த சீகேட் டிஸ்க்குகளை ஓடிய மணிக்கணக்கை அழித்து புதியதாக விற்றது அம்பலமானது. கிரிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச சாப்ட்வேரில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரியும். கணக்கு பூஜ்யம் என்று காட்டினால் மட்டும் போதாது, சீரியல் நம்பர் சோதனையும் சேர வேண்டும்.

பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம் என்று சொல்வார்கள். அந்த மிச்சத்தோடு வாரண்டியும் போய்விடும்.

புகார் எங்கே?

வாரண்டி இருந்தும் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விருதுநகர் மாவட்டத்துக்கான ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இயங்குகிறது. வழக்குக்காக மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. பொருளின் விலை ரூ.5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, பிரச்சினை ஏற்பட்ட 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். பில், வாரண்டி தாள், சர்வீஸ் சென்டரில் தந்த ரசீது, பிழை எண் படம் ஆகியவற்றின் நகல்களை மனுவோடு இணைக்க வேண்டும்.