இதயத்தின் கடிவாளம்

நாளைக் காலை பெரட்டுக்குக் கிளம்பும் முன் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். அமைதியாக உட்கார்ந்திருப்பவருக்கு நாடி ஏறக்குறைய 70 தடவை அடிக்கும். ஆனால் இளவயதினரின் இதயத்தை அதன் போக்கிலேயே விட்டுவிட்டால், அது நிமிடத்துக்கு 100 தடவை வரை அடிக்கும். மிச்சமுள்ள 30 அடியைப் பிடித்து நிறுத்தி வைப்பது எது?

மூளையின் அடியிலிருந்து கழுத்து வழியே இறங்கும் வேகஸ் என்னும் நரம்பு. 1845-இல் ஜெர்மனியைச் சேர்ந்த வெபர் சகோதரர்கள் இந்த நரம்பை மின்சாரத்தால் தூண்டியபோது இதயம் நின்றே போயிற்று. நரம்பு என்றால் முடுக்கிவிடுவது என்று எண்ணியிருந்தவர்களுக்கு, அடக்கி வைக்கும் நரம்பும் உண்டு என்பது வியப்பாக இருந்தது. அது எப்படி அடக்குகிறது என்று தெரிந்துகொள்ள மேலும் 150 ஆண்டுகள் பிடித்தன.

முதல் பெரிய வெளிச்சம் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் கிடைத்தது. அங்கே ஆட்டோ லோவி என்னும் பேராசிரியர் இரண்டு தவளை இதயங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் வேகஸ் நரம்பு இருந்தது, மற்றதில் இல்லை. முதல் இதயத்தின் நரம்பைத் தூண்டினார். துடிப்பு தளர்ந்தது. அந்த இதயத்துக்குள் இருந்த உப்புநீரை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். நரம்பே இல்லாத அந்த இதயமும் தளர்ந்தது! ஆக, தூது போனது மின்சாரம் அல்ல. நீரில் கரையும் ஏதோ ஒரு பொருள். லோவி இதை 1921-இல் வெளியிட்டார். இந்தச் சோதனை தமக்குக் கனவில் வந்தது என்று பின்னாளில் அவரே எழுதினார். முதல் நாள் இரவு விழித்துக் கிறுக்கி வைத்ததைக் காலையில் அவராலேயே படிக்க முடியவில்லையாம். மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே எண்ணம் திரும்பி வர, இந்தத் தடவை தாளைத் தேடாமல் நேரே ஆய்வுக்கூடத்துக்கு ஓடிவிட்டார்.

அந்தப் பொருள்தான் அசிட்டைல்கோலின். அதை முன்பே ஆராய்ந்திருந்த இங்கிலாந்துக்காரர் ஹென்றி டேலும் லோவியும் 1936-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இரண்டே ஆண்டுகளில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தது. யூதரான லோவியைச் சிறையில் அடைத்தார்கள். நோபல் பரிசுப் பணத்தை நாஜிகளின் வங்கிக்கு மாற்றிக் கொடுத்த பிறகே நாட்டைவிட்டு வெளியேற விட்டார்கள். அறிவுக்குக் கிடைத்த மரியாதை அது.

இனி, தூது வந்து சேர்ந்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். செம்பனைக்குப் பொட்டாஷ் உரம் போட்டுப் பழகியவர்கள் நாம். பகாவ், ரந்தாவ், லாபு வட்டாரத் தோட்டங்களில் எத்தனையோ தாய்மார்கள் அதை வாளியில் சுமந்து மரத்தைச் சுற்றி வீசியிருக்கிறார்கள். அந்த உரத்தில் உள்ள பொட்டாசியம்தான் நம் இதயத்திலும் வேலை செய்கிறது. இதய உயிரணுவுக்குள் பொட்டாசியம் மிகுதி, வெளியே குறைவு. சுவரில் உள்ள அதற்குரிய வாயில் திறந்தால் அது வெளியே ஓடும். நேர் மின்னூட்டம் கொண்ட பொருள் வெளியேறுவதால் உள்ளே மின்னழுத்தம் தாழ்ந்துவிடும். அது மறுபடி ஏறினால்தான் அடுத்த துடிப்பு. அந்தத் தாமதமே கடிவாளம். அசிட்டைல்கோலின் பட்டதும் பொட்டாசியம் கூடுதலாக வெளியேறுவதை லண்டனில் ஹாரிஸ், ஹட்டர் என்னும் இருவர் 1956-இல் கதிரியக்கப் பொட்டாசியத்தைக் கொண்டு காட்டினார்கள்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அசிட்டைல்கோலின் அந்த வாயிலைத் தொடுவதே இல்லை. அந்தக் காலத்துத் தோட்டத்தில் துரை நேரே நிரைக்கு வந்து ஆளை அனுப்புவாரா? கிராணியிடம் சொல்வார், கிராணி கங்காணியிடம் சொல்வார், கங்காணிதான் நம்மிடம் வருவார். இங்கேயும் அப்படித்தான். உயிரணுச் சுவரில் இருக்கும் ஏற்பி என்னும் புரதம் கிராணியைப் போல் செய்தியை வாங்குகிறது. சுவரின் உட்புறத்தில் காத்திருக்கும் கங்காணியின் பெயர் ஜி-புரதம்.

இதைக் காட்டிக்கொடுத்தது நம் பிள்ளைகளைப் படுத்தியெடுத்த ஒரு நோய். கக்குவான் இருமலின் கிருமி கக்கும் நஞ்சு, இந்த ஜி-புரதத்தைச் செய்தி வாங்க முடியாமல் முடக்கிவிடும். 1985-இல் அமெரிக்காவின் சியாட்டல் நகர ஆய்வாளர்கள் கோழிக் கருவின் இதய உயிரணுக்களில் அந்த நஞ்சைச் செலுத்தினார்கள். பிறகு அசிட்டைல்கோலினைக் கொடுத்தும் பொட்டாசிய வாயில் திறக்கவில்லை. (வாந்திபேதியின் நஞ்சும் இதே குடும்பத்துப் புரதம் ஒன்றைத்தான் தாக்குகிறது. அப்படியொரு நஞ்சு இருப்பதை 1959-இல் கல்கத்தாவில் காட்டியவர் சம்புநாத் டே என்னும் மருத்துவர். அவருக்குரிய புகழ் அவருக்குக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.)

ஜி-புரதம் ஆல்பா, பீட்டா, காமா என்று மூன்று துண்டுகளால் ஆனது. செய்தி வந்ததும் ஆல்பா தனியே பிரியும். பீட்டாவும் காமாவும் ஒட்டியபடியே விலகும். வேலைக்காரன் ஆல்பாதான், மற்ற இரண்டும் வெறும் துணை என்பதே அன்றைய பாடம். 1987-இல் பாஸ்டன் நகரிலிருந்து ஒரு மறுப்பு வந்தது. ஈவா நீர் என்னும் பெண் அறிஞர் மாட்டு மூளையிலிருந்து இந்தத் துண்டுகளைப் பிரித்தெடுப்பதில் வல்லவர். அவரும் டேவிட் கிளாபமும் அவர்களுடைய கூட்டாளிகளும் பீட்டா–காமாவை இதய உயிரணுச் சுவரின் உட்புறத்தில் விட, வாயில் திறந்தது. இல்லை, திறப்பது ஆல்பாவே என்று ஹூஸ்டன் நகரத்தார் எதிர்வாதம் செய்தார்கள். சச்சரவு பல ஆண்டுகள் நீடித்தது. 1993-இல் அந்த வாயில் புரதத்தின் மரபணுவே கைக்கு வந்தது. பீட்டா–காமா அந்தப் புரதத்தை நேராகப் பற்றுவது 1995-க்குள் உறுதியாயிற்று. துணை என்று ஒதுக்கப்பட்டவைதான் இதயத்தின் கடிவாளத்தை இழுக்கின்றன.

இந்தக் கதை நம் தோட்டத்துக்குள்ளும் வருகிறது. வேலை முடிந்ததும் அசிட்டைல்கோலினைக் கரைத்துவிட உடலில் ஒரு நொதி உண்டு. சில பூச்சிமருந்துகள் அந்த நொதியையே செயலிழக்கச் செய்துவிடும். செம்பனை ஓலையைத் தின்னும் பைப்புழுவை ஒழிக்க மரத்தண்டில் துளையிட்டுச் செலுத்தப்பட்ட மருந்துகள் சில அந்த இனத்தைச் சேர்ந்தவை. அவை தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் ஏறும். ஏறினால் செய்தி ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். வாயில் எச்சில் ஊறும், கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கும், நாடி தளரும். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இதயமல்ல. நுரையீரலில் நீர் கோத்து மூச்சு அடைப்பதே.

அதற்கு மருத்துவமனையில் போடும் ஊசி அட்ரோபின். நம் வேலியோரத்து ஊமத்தையில் உள்ள நஞ்சும் அதுவும் ஒரே இனம்தான். ஆனால் செடியில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் அளக்க முடியாததால் அது கொல்லவும் செய்யும். ஊசியில் அளந்து போட்ட அட்ரோபினோ ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அசிட்டைல்கோலின் எவ்வளவு வந்து குவிந்தாலும் அதை வாங்க ஆள் இல்லை. பொட்டாசிய வாயில் மூடுகிறது. மார்பில் நீர்ச் சத்தம் அடங்கி நாடி 80-க்கு மேல் ஏறும்வரை, மருத்துவர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பார்த்துப் பார்த்து அந்த ஊசியை மறுபடியும் போடுவார்.