பலாலியில் இறங்கும் என் பிள்ளைகளுக்கு



கனடாவில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி போன கிழமை எழுதியிருந்தாள். "ரீச்சர், ஆடியிலை பிள்ளைகளோடை வாறன். இந்த முறை கட்டுநாயக்காவாலை இல்லை. சென்னைக்கு வந்து நேரே பலாலியிலை இறங்கப் போறம். மூண்டு நாள்தான் நிற்பம். பிள்ளையளுக்கு எதைக் காட்டலாம்?"

அவளுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டது. மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே போடுகிறேன். வகுப்பில் செய்தது போலவே முதலில் வரலாறு, பிறகு ஊர் பார்ப்பது.

பலாலி விமானத் தளத்தை அமைத்தது பிரித்தானிய விமானப்படை. இரண்டாம் உலகப்போர்க் காலம் அது. போர் முடிந்த பிறகு பொதுமக்கள் விமானங்களும் வரத் தொடங்கின. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி ஏயர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் இருந்து சென்னைக்குப் பறந்தபோது வழியில் நின்றது இங்கேதான். அட்டவணையில் காங்கேசன்துறை என்று பெயர். நான் பிறந்ததும் அதே ஆண்டு. பிறகு திருச்சிக்கும் இங்கிருந்து விமானம் போனது. நாங்கள் மயிலிட்டிப் பிள்ளைகள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வேலி ஓரம் நின்று விமானம் எழும்புவதைப் பார்ப்போம். காலையில் இங்கே ஏறினால் மத்தியானச் சாப்பாடு திருச்சியில் என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

1970களின் இறுதியில் ஏயர் சிலோன் மூடப்பட்டது. அதன் பின் நடந்தது உங்களில் பலருக்கு நேரே தெரியும். 1990 ஜூன் மாதம் பலாலி, மயிலிட்டி, தையிட்டி, வயாவிளான், காங்கேசன்துறை என்று ஊர் ஊராக எழும்பி ஓடினோம். இரண்டு நாளில் திரும்பலாம் என்று நினைத்து அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த நிலம் முழுவதும் அதியுயர் பாதுகாப்பு வலயமானது. எங்கள் செம்மண் தோட்டங்களைச் சுற்றி முட்கம்பி வந்தது.

A9 பாதை மூடியிருந்த காலங்களில் கொழும்புக்குப் போகப் பலாலி விமானத்தை நம்பியிருந்தோம். 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி இங்கிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட விமானம் மன்னார்ப் பக்கக் கடலில் விழுந்தது. 55 பேர் போனார்கள். பெரும்பாலும் எங்கள் சனம். பலாலி என்றால் அந்தக் குடும்பங்களுக்கு இன்றும் அந்த நாள்தான் நினைவுக்கு வரும்.

2019 ஒக்டோபர் 17ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் மீண்டும் திறந்தார்கள். சில மாதத்தில் கொரோனா வந்து நின்றது. 2022 டிசெம்பரில் சென்னைச் சேவை திரும்பத் தொடங்கியது. 2025 மார்ச் இறுதியில் திருச்சிச் சேவையும் வந்தது.

இனிப் பயண விஷயம். இங்கே வருவது எழுபது, எண்பது பேர் ஏறும் சிறிய காற்றாடி விமானம். கனடாவில் கட்டும் பெரிய பெட்டிகளின் நிறை இதில் செல்லாது, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் வெளியே வந்து மாறுவதென்றால் இந்திய விசாவும் வேண்டும். பக்கத்திலேயே விமானப்படைத் தளம் இருப்பதால் ஓடுபாதைப் பக்கம் படம் எடுக்க வேண்டாம். நகரம் தெற்கே சுமார் 16 கிலோமீற்றர்.

முதல் நாள் நகரத்துக்கு ஓட வேண்டாம். மாவிட்டபுரம் கந்தனைக் கும்பிட்டுவிட்டுக் கீரிமலைக்குப் போங்கள். கடல் அலைக்குப் பக்கத்தில் நன்னீர் ஊற்று. எங்கள் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. மழைநீர் அதற்குள்ளால் ஊர்ந்து வந்து கரையில் வெளிவருகிறது. பிள்ளைகள் குளிக்கட்டும்.

இரண்டாம் நாள் நகரம். பொது நூலகத்தில் தொடங்குங்கள். 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் வைத்துப் புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கியதுதான் இதன் வித்து. 1981 ஜூன் முதலாம் திகதி இரவு விடியுமுன் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிந்தது. இப்போது நிற்பது திருத்திக் கட்டியது. அங்கிருந்து நடந்தே கோட்டைக்குப் போகலாம். போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாக மாற்றினார்கள். பின்னேரம் நல்லூர். 1621இல் போர்த்துக்கேயர் இடித்த கோயில் வேறு இடத்தில் இருந்தது. இப்போதைய கோயில் 1734இல் எழும்பியது. ஆடியில் வந்தால் இருபத்தைந்து நாள் திருவிழாவின் தொடக்கம் கிடைக்கலாம். ஆண்பிள்ளைகளுக்கு வேட்டி எடுத்து வாருங்கள், சட்டை கழற்ற வேண்டும்.

மூன்றாம் நாள் காலை குறிகட்டுவானில் படகு ஏறி நயினாதீவு நாகபூஷணி அம்மனிடம் போய் வாருங்கள். திரும்பும்போது நேரம் இருந்தால் புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணறு.

இனி அந்த மாணவிக்கு மட்டும் ஒரு வார்த்தை. பிள்ளை, நீ பிறந்தது மல்லாகத்து முகாமில். உன் அப்பாவின் வெங்காயத் தோட்டம் பலாலியில் இருந்ததென்று பதிவேட்டில் எழுதியவள் நான்தான். அது இன்னும் விடுபடவில்லை என்று உன் அம்மா சொன்னா. விமானம் கீழே இறங்கும்போது ஜன்னலால் பார். பற்றையும் பனையும் சிவந்த மண்ணும் தெரியும். "தாத்தாவின்ரை தோட்டம் இந்தப் பக்கம்தான்" என்று பிள்ளைகளிடம் சொல்லு. நீ கேட்ட பட்டியலில் முதல் இடம் அதுதான்.

விமான நிலையம் வந்தது நல்லது. வருத்தக்காரருக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கும் கொழும்பு அலைச்சல் குறைகிறது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது வெறும் தரையில் கட்டியதல்ல. எங்கள் மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 ஜூலையில் விடுபட்டது. இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு என் வளவுக்குப் போனேன். வீட்டின் ஒரு சுவர்கூட இல்லை. கிணறு மட்டும் இருந்தது. இறைத்துக் குடித்துப் பார்த்தேன், தண்ணீர் அதே தண்ணீர்தான்.

வருகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகச் சொல்லுங்கள். ஒடியல் கூழ் காய்ச்சி வைக்கிறேன். பலாலியில் ஏறிய, இறங்கிய, அழுத நினைவு உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். ஊரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ரீச்சர்