புல்லட்டுக்கு இரண்டு ஊர்கள்

பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில், இன்றும் ஒருவர் வாங்கி அன்றாடம் ஓட்டிப் பேண முடிகிற வண்டி ராயல் என்ஃபீல்டு புல்லட். பி.எஸ்.ஏ., மேட்ச்லெஸ், ஏரியல் போன்றவை வைத்திருப்பவர்கள் ஒரு சிறு பாகத்துக்கு மாதக்கணக்கில் அலைகிறார்கள். புல்லட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. பிறந்த ஊரில் உற்பத்தி நின்றபோது, அதே வண்டி சென்னையில் முழுமூச்சாகத் தயாராகிக்கொண்டிருந்ததுதான் காரணம்.

பிறந்த ஊர் இங்கிலாந்தின் வொர்செஸ்டர்ஷயரில் உள்ள ரெட்டிச். ஊசித் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. ஊசியில் தொடங்கி சைக்கிளுக்கு வந்திருந்த ஒரு நிறுவனத்தை 1891-இல் ஆல்பர்ட் ஈடியும் ராபர்ட் வாக்கர் ஸ்மித்தும் ஏற்று நடத்தினர். என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுண்பாகங்கள் செய்து தரும் வேலை அவர்களுக்குக் கிடைத்தது. ராயல் என்ஃபீல்டு என்ற பெயர் அதையொட்டி வந்ததே. 1901-இல் முதல் மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. புல்லட் என்ற பெயர் 1932-இல் சூட்டப்பட்டது.

ஆனால் இன்று நாம் புல்லட் என்று அடையாளம் காண்கிற வண்டி இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் உருவானது. பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரம் சட்டத்தோடு அசையாமல் பிணைந்திருந்த காலத்தில், 1948-இல், ஸ்விங்ஆர்மும் ஷாக் அப்சார்பரும் பொருத்திய புல்லட்டுகளைக் கரடுமுரடான நெடுந்தூரப் போட்டிகளில் இறக்கினார்கள். அந்த ஆண்டு இத்தாலியில் நடந்த பன்னாட்டு ஆறு நாள் போட்டியில் புல்லட் ஓட்டியவர்கள் தங்கப் பதக்கம் வென்றனர். இன்ஜின் 346 சிசி. சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 90 மி.மீ. நீண்ட ஓட்டமும் கனத்த ஃப்ளைவீலும் சேர்ந்ததால் வேகம் குறைந்தாலும் இழுவை குறையாது. மேடேறும்போது கியரை மாற்றாமலே நிதானமாக ஏறிவிடும்.

இந்தியாவில் இந்த வண்டியை இறக்குமதி செய்து விற்றது மெட்ராஸ் மோட்டார்ஸ். 1950-களில் எல்லைப் பகுதிகளுக்கு உறுதியான வண்டி தேடிய இந்திய ராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து பெட்டிகளில் வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். 1957-இல் அச்சுகளும் கருவிகளும் வந்து சேர்ந்தன. 1962-க்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. ரெட்டிச்சில் புல்லட் நிறுத்தப்பட்டதும் அதே 1962-இல்தான். 1967-இல் ரெட்டிச் தொழிற்சாலையும், 1970-இல் பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவனில் எஞ்சியிருந்த உற்பத்தியும் மூடப்பட்டன. திருவொற்றியூரோ 1955-ஆம் ஆண்டு வடிவத்தை அதிகம் மாற்றாமல் செய்துகொண்டே இருந்தது. 1977-இல் சென்னையில் செய்த புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. ரெட்டிச் வண்டி வைத்திருந்த ஆங்கிலேயர்களுக்குச் சென்னைப் பாகங்கள் கைகொடுத்தன. 1994-இல் ஐஷர் நிறுவனம் என்ஃபீல்டு இந்தியாவை வாங்கியது. பழைய வார்ப்பிரும்பு இன்ஜினின் இடத்தைப் புதிய இன்ஜின் பிடித்தது 2010-ஐ ஒட்டித்தான்.

ஆகவே பழைய புல்லட் வாங்குபவர் முதலில் அறிய வேண்டியது, அது எந்த ஊரில், எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்பதே. தொடக்ககால ரெட்டிச் வண்டிகளில் லூகாஸ் மேக்னெட்டோவும் அமல் கார்புரேட்டரும் இருக்கும். அரை நூற்றாண்டில் பல கை மாறிய வண்டியில் இவை மாறிப்போயிருக்கலாம். அதில் பெரிய குற்றமில்லை. இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் மட்டும், வண்டி எவ்வளவு பளபளத்தாலும் விலை பேசாமல் திரும்பிவிடுவது நல்லது. பெயின்ட்டும் குரோமும் பிறகு செய்துகொள்ளலாம். ஆவணத்தை அப்படிச் செய்துகொள்ள முடியாது.

வண்டியின் உண்மை நிலை, கிக்கரை உதைக்கும்போது பாதி தெரிந்துவிடும். காண்டாக்ட் பிரேக்கர் பாயிண்ட் வழியாகப் பொறி எழுப்பும் வண்டியில் சாவியைப் போட்டு, ஹெட்லைட் மேலுள்ள ஆம்ப் மீட்டரைப் பார்த்தபடி கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். முள் நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்தி, ஹேண்டில்பாரில் உள்ள டிகம்ப்ரசர் நெம்புகோலைப் பிடித்து, பிஸ்டன் உச்சியைத் தாண்டும்வரை கிக்கரைச் சற்றே நகர்த்த வேண்டும். பிறகு நெம்புகோலை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே உதை. நல்ல நிலையில் உள்ள இன்ஜின் இதற்குப் படியும். கிக்கர் எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

இந்த இன்ஜினுக்கு ஆயில்தான் உயிர். பழைய புல்லட்டின் பிக் எண்டில், அதாவது கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடத்தில், உருளைகள் இல்லை. ஆயில் படலத்தில் மிதந்து சுழலும் புஷ்தான் உண்டு. ஆயில் அழுக்கானாலோ வரத்து குறைந்தாலோ முதலில் அடிபடுவது அதுவே. அடியிலிருந்து கனத்த தட்டல் ஓசை கேட்டால் கிராங்க் வேலை காத்திருக்கிறது. நெடுநாள் நின்ற வண்டியில் ஆயில் தொட்டியிலிருந்து கிராங்க் அறைக்குள் கசிந்து தேங்கும். ஸ்டார்ட் செய்ததும் புகை கக்கும். இதைக் கண்டு மிரள வேண்டியதில்லை. சற்று ஓடியும் புகை அடங்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

டேப்பட் அளவை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே வைக்க வேண்டும். புஷ்ராட் விரலால் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை, விரலுக்குப் பழக்கம் வந்தால் போதும். ஸ்பேனர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். அந்தக் கால பிரிட்டிஷ் நட்டுகள் விட்வொர்த் முதலிய பழைய அளவுகளில் அமைந்தவை. கையில் கிடைத்த மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டின் முனைகள் மழுங்கும், மரையும் போகும். நல்ல வண்டிகள் பல கெட்டது ஓடித் தேய்ந்ததால் அல்ல, இப்படிப்பட்ட அவசர வேலையால்தான்.

பழைய வண்டி வைத்திருப்பவர் பதிவு விதியையும் அறிந்திருக்க வேண்டும். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு முறை சேர்க்கப்பட்டது. 50 ஆண்டு கடந்த இருசக்கர வண்டிகளுக்கு வி.ஏ. என்ற எழுத்துகள் கொண்ட எண் வழங்கப்படுகிறது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். இப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. சேசிஸிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்த வண்டி இந்தப் பதிவுக்குத் தகுதி பெறாது. பழைய புல்லட்டின் சட்டத்தை வெட்டி ஒட்ட நினைப்பவர்கள் அதற்கு முன் இந்த விதியை ஒருமுறை படித்துவிட வேண்டும்.