எண்கணிதம் போதும் என்ற காலமும் அட்சரகணிதம் வந்த காலமும்

நூற்றாண்டு மலர் ஒன்றில் கட்டடங்களையும் அதிபர்களையும் விளையாட்டுக் கிண்ணங்களையும் நினைவுகூருவது வழக்கம். ஒரு பாடம் எப்படி எங்கள் வகுப்பறைக்கு வந்தது என்பதை எழுதிவைப்பது குறைவு. கணிதத்தின் கதையை எழுதத்தான் வேண்டும். எங்கள் பாட்டிமாருக்கு அந்தக் கதவு பாதிதான் திறந்திருந்தது.

மேற்கத்தியக் கணிதத்தை ஈழத்தமிழர் முறையாகக் கற்ற இடங்களில் முதன்மையானது வட்டுக்கோட்டைச் செமினரி. அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் அதை ஆரம்பித்தனர். அங்கே படித்து, அங்கேயே படிப்பித்த கறல் விசுவநாதபிள்ளை 1855 இல் 'வீசகணிதம்' என்ற நூலைத் தமிழில் வெளியிட்டார். 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான இருவரில் அவர் ஒருவர், மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. இற்றைக்கு நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பே அட்சரகணிதம் தமிழில் அச்சேறிவிட்டது என்பது எமக்குப் பெருமை. ஆனால் அந்தச் செமினரி ஆண்பிள்ளைகளுக்கு உரியது. 1824 இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையில் வாசிப்பு, எழுத்து, தையல் இவற்றோடு எண்கணிதம் இருந்தது.

திருகோணமலையிலும் பெண்கல்வி மெல்லத்தான் வேர்விட்டது. மிஷன் பாடசாலைகள் முன்னே வந்தன. 1923 இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் இந்துப் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையை நிறுவினார். "பொம்பிளைப் பிள்ளைக்கு வீட்டுக் கணக்குப் பார்க்கத் தெரிந்தால் போதும்" என்ற எண்ணம் அன்று பல வீடுகளில் இருந்தது. அந்த எண்கணிதமும் இலேசானதல்ல. ரூபா சதம் நூறால் ஏற, இறாத்தலும் அவுன்சும் பதினாறால் ஏறின. கடற்கரையில் ஆழத்தைப் பாகத்தால் அளந்தார்கள். ஒரு பாகம் ஆறு அடி. இவற்றை மனதால் மாற்றத் தெரிந்த பெண்களுக்கு அட்சரகணிதம் விளங்காது என்று நினைத்தது எவ்வளவு பெரிய விந்தை!

மூன்று மாற்றங்கள் அந்தக் கதவை முழுதாகத் திறந்தன. முதலாவது, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா காலத்தில் 1945 இல் வந்த இலவசக் கல்வி. இரண்டாவது, தாய்மொழி. ஆரம்ப வகுப்புகளில் தொடங்கிய தமிழ்மொழிக் கல்வி 1950களில் இடைநிலை வகுப்புகளுக்கும் ஏறியது. அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்களைத் தொகுத்தது. காரணி, சமன்பாடு, வர்க்கமூலம், மடக்கை என்று நாம் நாவாரச் சொல்லிப் படித்தோம். மூன்றாவது, 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம். அதுவரை கணிதத்தை விட்டுவிட்டு மேல்வகுப்புக்குப் போகப் பெண்பிள்ளைகளுக்கு வழி இருந்தது. தேசிய பொதுக் கல்விச் சான்றிதழுக்கான புதிய பாடத்திட்டம் கணிதத்தை எல்லாருக்கும் கட்டாயமாக்கியது. பின்னர் சாதாரண தரப் பரீட்சை திரும்பி வந்தபோதும் அந்தக் கட்டாயம் நிலைத்தது. அன்று முணுமுணுத்தோம். இன்று மருத்துவத்திலும் வங்கியிலும் கணக்கியலிலும் இருக்கும் எம்மவர் பலருக்கு வழி திறந்தது அந்தக் கட்டாயமே.

அதை எப்படிப் படித்தோம்? எங்கள் ரீச்சர்மார் எண்ணையும் எழுத்தையும் பிரித்துப் பார்க்கவில்லை. 97 ஐ 103 ஆல் பெருக்கச் சொல்வார்கள். நாம் தாளை எடுக்குமுன், "நூறிலிருந்து மூன்று குறைய, நூறோடு மூன்று கூட" என்பார்கள். நூறின் வர்க்கத்திலிருந்து மூன்றின் வர்க்கத்தைக் கழித்தால் 9991. இரு வர்க்கங்களின் வித்தியாசம் அப்போதே மனதில் பதிந்துவிடும். சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளும் கணக்குக்கு உதவும். தாங்கிகள் 99, ஒவ்வொன்றும் 12,000 கிலோலீற்றர் கொள்ளும் என்றால் மொத்தம் எவ்வளவு? நூறு தாங்கிக்குப் பன்னிரண்டு இலட்சம். அதில் ஒன்றைக் கழித்தால் 11,88,000. அடைப்புக்குறியை நீக்கும் விதி இதுதான்.

சமன்பாட்டைத் தராசாகக் காட்டியவர்களும் உண்டு. ஓர் எண்ணின் மும்மடங்கிலிருந்து 5 ஐக் கழித்தால் 16. இரண்டு தட்டிலும் ஐந்தைக் கூட்டு; மும்மடங்கு 21, எண் 7. "பக்கம் மாறினால் குறி மாறும்" என்று மட்டும் மனனஞ் செய்த பிள்ளை பெருக்கல் வந்தவுடன் தடுமாறும். தராசைக் கண்ட பிள்ளை தடுமாறாது. மறை எண்ணுக்குக் கடனைச் சொன்னார்கள். 628 இல் பிரமகுப்தர் சொன்னதும் அதுவே: நேர் எண் செல்வம், மறை எண் கடன்.

கணிதத்துக்கு ஒரு குணம் உண்டு. எட்டாம் தரத்தில் ஒரு மாதம் விடுபட்டால் பத்தாம் தரத்தில் அது வந்து நிற்கும். யுத்தம், இடப்பெயர்வு, 2004 டிசெம்பர் 26 இன் கடற்கோள், பின்னர் கொரோனா என்று எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளின் படிப்பு எத்தனையோ முறை அறுந்தது. வரலாற்றிலோ இலக்கியத்திலோ விட்ட பாடத்தைப் பிறகு வாசித்துக்கொள்ளலாம். பின்னம் விளங்காத பிள்ளை காரணியாக்கத்தில் அமர முடியாது. இன்றும் கப்பல்துறை, சீனக்குடாப் பக்கங்களிலிருந்து பஸ் ஏறிப் படிக்க வரும் பிள்ளைகளுள் ரியூசனுக்குக் காசில்லாதவர்கள் இருக்கிறார்கள். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாவிட்டால் எத்தனை வழிகள் அடைபடும் என்பது எமக்குத் தெரியும்.

ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் கொழும்பிலும் இருக்கும் சகோதரிகளே, பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் கணிதம் சொல்லிக்கொடுக்கும்போதும் 'காரணி' என்ற சொல் உங்கள் நாவில் முதலில் வருகிறதல்லவா? அந்தச் சொல்லோடு, கணிப்பான் இல்லாமல் மடக்கை அட்டவணையைப் புரட்டிப் பழகிய கைகளோடு, வாரம் ஒரு மணித்தியாலம் தொலைபேசியில் ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். பின்னத்திலிருந்து தொடங்குங்கள். அடுத்த நூற்றாண்டு மலரை எழுதப்போகிறவர்கள் இந்தப் பிள்ளைகளே.