ஆன்டனியின் மட்டக் காசு

ரோமானியத் தளபதி மார்க் ஆன்டனி அடித்த இந்த வெள்ளிக்காசில் ஆன்டனியின் முகம் இல்லை. ஒரு பக்கம் துடுப்புகள் நீட்டிய போர்க்கப்பல். மறுபக்கம் இரண்டு படைக்கொடிகள், நடுவில் லெஜியன் என்ற படைப்பிரிவின் கழுகு, அடியில் அந்தப் படையின் எண். எதிரி ஆக்டேவியனோடு ஆக்டியத்தில் மோதுவதற்கு முன், கி.மு. 32–31இல், படைகளுக்குச் சம்பளம் கொடுக்க அவசரமாக அடித்துத் தள்ளிய காசுகள் இவை.

கையில் பணமுடை. வெள்ளியின் மாற்றைக் குறைத்தான் ஆன்டனி. நூறாண்டு கழித்து எழுதிய ரோமானிய எழுத்தாளர் பிளினி, தெனாரியஸ் என்ற இந்த வெள்ளிக்காசில் அவன் இரும்பைக் கலந்ததாகவே குற்றம் சாட்டுகிறார். கலந்தது செம்புதான்; ஆனாலும் கெட்ட பெயர் அவ்வளவு தூரம் நிலைத்திருக்கிறது. ஆன்டனி தோற்றான், மறு ஆண்டே செத்தும் போனான். அவனுடைய காசுக்கு அதன் பிறகுதான் நல்ல காலம்.

காரணம் எளிது. ஒரே விலைக்கு நல்ல காசும் மட்டக் காசும் செல்லும் என்றால், நல்லதைப் பெட்டியில் பூட்டிவிட்டு மட்டத்தைத்தானே கடையில் நீட்டுவார்கள்? கி.பி. 64இல் பேரரசன் நீரோ, ஒரு ராத்தல் வெள்ளியில் 84 தெனாரியஸ் என்றிருந்ததை 96 ஆக்கி, கலப்பையும் கூட்டினான். பழைய கனத்த காசுகள் பதுங்கின. கி.பி. 107 வாக்கில் பேரரசன் டிராஜன் தேய்ந்த பழங்காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கினான். ஆன்டனியின் காசை உருக்கி யாருக்கு என்ன லாபம்? அது கைமாறிக்கொண்டே இருந்தது. ஆன்டனி அடித்துச் சுமார் 200 ஆண்டு கழித்து, பேரரசர்கள் மார்கஸ் அரேலியஸும் லூசியஸ் வீரஸும் ஆறாம் லெஜியனின் காசை அதே உருவத்தில் மறுபடி அடித்தார்கள். பழைய காசு அப்போதும் மக்களுக்குப் பழக்கமாக இருந்திருக்க வேண்டும். பல்கேரியாவின் ரேகா தேவ்னியாவில் 1929இல் கிடைத்த மாபெரும் புதையலிலும் ஆன்டனியின் காசுகள் இருந்தன. அது கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் புதைத்தது.

இதற்கு நேர் எதிரான கதை கொங்கு நாட்டில். கோவைப் பக்கம் வெள்ளலூர் போன்ற இடங்களில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் குவியல்களில் பெருவாரி பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளே. அதிலும் இரண்டே உருவங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: அகஸ்டஸின் பேரர்கள் கேயஸும் லூசியஸும் கேடயங்களோடு நிற்பது ஒன்று, டைபீரியஸ் காசில் உட்கார்ந்திருக்கும் பெண் மற்றொன்று. மாற்றுக் குறையாத வெள்ளியாகப் பொறுக்கியே வணிகர்கள் கப்பலேற்றினார்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ராஜா தலையைப் பார்த்தல்ல, எடையையும் மாற்றையும் பார்த்து வாங்கியவர்கள் இவர்கள்.

தலையைப் பார்த்துச் சேர்த்தவர்கள் பின்னால் வந்தார்கள். இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க், 1354இல் மாந்துவாவில் மன்னர் நான்காம் சார்லஸுக்கு ரோமப் பேரரசர்களின் உருவம் பதித்த காசுகளைக் கொடுத்து, இவர்களைப்போல் ஆள வேண்டும் என்று புத்தி சொன்னார். அடுத்த பல தலைமுறைக்கும் முகவரிசையை முழுமையாக்குவதே சேகரிப்பாளர்களின் ஆசை. முகமே இல்லாத, தேய்ந்த ஆன்டனி காசு அந்த வரிசையில் எங்கே நிற்கும்?

இன்று அதற்கென்றே தனிக் கூட்டம் இருக்கிறது. ஏராளமாகக் கிடைப்பதால், அந்தக் காலத்து வெள்ளியில் கைக்கு எட்டும் விலை. ஆனால் ஒன்றோடு யாரும் நிறுத்துவதில்லை. இரண்டாம் லெஜியன் தொடங்கி இருபத்து மூன்றாவது வரை வரிசையாகச் சேர்க்கப் பார்க்கிறார்கள். எண்ணோடு படையின் பெயரும் பொறித்த பன்னிரண்டு, பதினேழு, பதினெட்டாம் லெஜியன் காசுகளுக்குத் தனி மவுசு. ஏமாற்று வேலையும் அந்த எண்ணில்தான் நடக்கிறது. ஒரு கோட்டைச் சுரண்டி எடுத்தால் இரண்டாம் லெஜியன் முதல் லெஜியனாகிவிடும். அதனால் அரிய எண் என்று ஒருவர் காட்டினால், விவரம் தெரிந்தவர்கள் கழுகையும் கப்பலையும் விட்டுவிட்டு, லென்ஸை நேரே எண்ணைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில்தான் வைக்கிறார்கள். 23ஐத் தாண்டிய எண் என்றால் சந்தேகம் இன்னும் ஒரு படி கூடும்.